கசகசாவும் சோதனைக் குப்பியும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

குருமாவில் அரைத்துச் சேர்க்கும் கசகசாவுக்கும், தொழிலாளி ஒருவர் வேலை இழப்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் நண்பர்கள் நகைப்பார்கள். என்னிடம் கேட்டிருந்தால் நானும் நகைத்திருப்பேன். என் அக்காளின் கணவர் துபாய்க்குப் புறப்பட்டபோது, அம்மா மசாலாப் பொடி அரைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அங்கிருந்து விடுமுறையில் வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "இதில் கசகசா இருக்கிறதா? இருந்தால் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், அங்கே அது போதைப்பொருள் கணக்கு" என்றார். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "குழந்தைக்குக்கூடக் கொடுக்கிற பொருள் அல்லவா?" என்றார். பொட்டலம் திரும்ப வீட்டுக்குள் வந்துவிட்டது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள் என்பதைப் பின்னரே அறிந்தேன். ஏன் என்று தேடியபோது, தொழிலாளரிடம் போதைப்பொருள் சோதனை செய்யும் முறை முழுவதையும் படிக்க நேர்ந்தது. அதன் வேதியியலையும், அந்த வேதியியல் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரை.

இச்சோதனை வேண்டாத ஒன்று என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஒரு விபத்தை முதலில் கூறுகிறேன்.

1987 ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து பாஸ்டனுக்கு 'கலோனியல்' என்னும் பயணிகள் இரயில் சென்றுகொண்டிருந்தது. விடுமுறை முடிந்து ஊர் திரும்புவோரால் பெட்டிகள் நிறைந்திருந்தன. மேரிலாந்து மாநிலத்தில் சேஸ் என்ற ஊருக்கு அருகில், பெட்டிகள் இல்லாத மூன்று சரக்கு இஞ்சின்கள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டுப் பக்கத்துத் தண்டவாளத்தில் வந்தன. 'நில்' என்ற சைகை இருந்தும் அவை நிற்கவில்லை. ஓட்டுநர் கடைசி நேரத்தில் தடையை அழுத்தியபோது, இஞ்சின்கள் சைகையைத் தாண்டி முதன்மைப் பாதையின் மேலேயே வந்து நின்றன. மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வந்த பயணிகள் இரயில் அவற்றின்மீது மோதியது. 16 பேர் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

சரக்கு இஞ்சினின் ஓட்டுநரும் உடனிருந்த பிரேக் ஊழியரும் சோதிக்கப்பட்டபோது, இருவர் உடலிலும் கஞ்சாவின் தடயம் காணப்பட்டது. பணியில் இருந்தபோதே புகைத்ததாக ஓட்டுநர் பின்னர் ஒப்புக்கொண்டு சிறை சென்றார். இதன்பின் "சோதனை தேவையா?" என்று கேட்போரின் குரல் அமெரிக்காவில் தாழ்ந்துவிட்டது. அதற்கு முந்திய ஆண்டு, 1986 செப்டம்பரிலேயே, மத்திய அரசு ஊழியருக்குச் சோதனை நடத்த அதிபர் ரீகன் ஆணையிட்டிருந்தார். 1991 ஆகஸ்டில் நியூயார்க் நகரில் ஒரு சுரங்க இரயில், குடித்திருந்த ஓட்டுநரால் தடம் புரண்டு ஐவர் இறந்தனர். அதே ஆண்டு அக்டோபரில், போக்குவரத்துத் தொழிலாளருக்குப் போதைப்பொருள், மது ஆகிய இரண்டுக்குமான சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது.

இனி வேதியியலுக்கு வருவோம்.

மதுவைச் சோதிப்பது எளிது. முதலாண்டு செய்முறை வகுப்பில் நாம் அனைவரும் செய்ததுதான் அது. அமிலங்கலந்த பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் எத்தில் ஆல்கஹாலைச் சேர்த்துச் சூடாக்கினால், ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும். 1954இல் போர்க்கன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் அமைத்த மூச்சுச் சோதனைக் கருவி இந்த நிறமாற்றத்தையே அளந்தது. இன்று போக்குவரத்துக் காவலர் கையில் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் எரிபொருள் மின்கலத்தால் இயங்குபவை. ஊதும் மூச்சிலுள்ள ஆல்கஹால் பிளாட்டினம் மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடைந்து அசெட்டிக் அமிலமாகும். அப்போது தோன்றும் மின்னோட்டத்தைக் கருவி எண்ணாக மாற்றிக் காட்டும். நுரையீரலில் இரத்தமும் காற்றும் ஒரு மெல்லிய சவ்வின் இருபுறமும் நிற்பதால், மூச்சிலுள்ள ஆல்கஹாலைக் கொண்டு இரத்தத்தில் உள்ளதைக் கணக்கிடலாம். இரத்தத்தில் உள்ளதே மூளையிலும் உள்ளது. ஆகவே மூச்சுச் சோதனை 'இப்போது' என்ற கேள்விக்கு விடையளிக்கிறது. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் 100 மில்லி லிட்டர் இரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்ற எல்லையை வகுத்திருப்பதும் இக்காரணத்தால்தான்.

கஞ்சாவும் அபினும் இப்படி மூச்சில் எளிதாக அகப்படுவதில்லை. எனவே சிறுநீரைச் சோதிக்கிறார்கள். சங்கடம் இங்கேதான் ஆரம்பமாகிறது. சிறுநீர் என்பது உடல் வேலையை முடித்துவிட்டு வெளியே தள்ளிய பொருள். கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி. கொழுப்பில் கரைவது, நீரில் அநேகமாகக் கரையாதது. ஆகையால் அது உடலின் கொழுப்பில் போய்ப் பதுங்கிக்கொண்டு, பிறகு சிறிது சிறிதாகக் கசிந்து, கல்லீரலில் கார்பாக்சிலிக் அமிலமாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. அந்த அமிலத்துக்குப் போதை இல்லை. ஆனால் சோதனையில் அகப்படுவது அதுதான். மயக்கம் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். ஒருமுறை புகைத்தவரிடம் சில நாட்கள், நாள்தோறும் புகைத்தவரிடம் சில வாரங்கள் அதன் தடயம் தொடரும். சனிக்கிழமை இரவு செய்த தவறு வியாழக்கிழமை காலைச் சோதனையில் தெரியும். வியாழக்கிழமை அவர் கை தெளிவாக இருந்ததா என்பதை அந்தக் குப்பி சொல்லாது. அதே வேளையில், சோதனைக்கு அரை மணி நேரம் முன்பு முதன்முதலாகப் புகைத்த ஒருவரின் சிறுநீரில் இன்னும் ஒன்றும் இறங்கியிராமல், அவர் 'சுத்தம்' என்று தேறிவிடவும் கூடும். மயங்கி நிற்பவர் தேறுவதும் தெளிந்து நிற்பவர் தோற்பதும் ஒரே சோதனையில் நடக்கலாம்!

சோதனை இரு கட்டங்களாக நடக்க வேண்டும். முதற்கட்டத்தில் எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். நோய்க்கிருமியை உடல் அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் அதே வகைப் புரதங்கள் இவை. குறிப்பிட்ட மருந்தின் மூலக்கூறைப் பற்றுமாறு தயாரிக்கப்பட்டவை. விலை குறைவு, நிமிடங்களில் முடிவு. ஆனால் எதிர்ப்பொருளுக்கு மூலக்கூறின் வடிவம்தான் தெரியும், பெயர் தெரியாது. இருட்டில் முகத்தைத் தடவிப் பார்த்து ஆளைச் சொல்வதைப் போன்றது அது. உடன்பிறந்தார் இருவர் இருந்தால் தடுமாறிவிடும். சளிக்குக் கொடுக்கும் சூடோஎபிட்ரின் மாத்திரையை ஆம்ஃபிட்டமின் என்னும் போதைமருந்தாக அது கருதிவிட்டதுண்டு.

இரண்டாம் கட்டம் வாயு வண்ணப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் சேர்ந்த கருவி. மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த பொருளை ஆவியாக்கி, நூல்போன்ற நீண்ட குழாய் ஒன்றின் வழியே செலுத்துவார்கள். ஒவ்வொரு சேர்மமும் தனக்குரிய நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேரும். வந்ததும் எலெக்ட்ரான் கற்றையால் அதை உடைத்து, உடைந்த துண்டுகளின் நிறையை அளப்பார்கள். ஒரே நேரத்தில் வந்து, ஒரே விதமாக உடைகின்ற வேறு சேர்மம் கிடைப்பது மிக அரிது. இது விலையுயர்ந்த கருவி, கற்றறிந்த கை வேண்டும், நேரமும் ஆகும். ஆகவே முதற்கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளும் ஆசை நிர்வாகங்களுக்கு வருவதில் வியப்பில்லை.

அந்த ஆசை எத்தனை பேரைக் கெடுக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, கணக்கு கற்பனையன்று. 1000 தொழிலாளர் உள்ள ஓர் ஆலையில் 10 பேர் போதைப்பொருள் பயன்படுத்துகிறார்கள் என்று கொள்வோம். முதற்சோதனை அந்தப் பத்துப் பேரையும் தவறாமல் பிடித்துவிடுகிறது. மற்றவரிடத்தில் நூற்றுக்கு இரண்டு மட்டுமே தவறுகிறது. கேட்பதற்கு மிக நல்ல சோதனையாகத் தோன்றும். ஆனால் மீதியுள்ள 990 பேரில் நூற்றுக்கு இரண்டு என்றால் ஏறத்தாழ 20 பேர். ஆக, பிடிபட்ட முப்பது பேரில் இருபது பேர் குற்றமற்றவர்கள். பழக்கமுள்ளவர் எத்தனைக்கெத்தனை குறைவோ, பிடிபட்டோரில் நிரபராதியின் பங்கு அத்தனைக்கத்தனை கூடும். ஒழுங்காக நடக்கும் ஆலையில்தான் இச்சோதனை அதிகமாகத் தடுமாறும் என்பதை முதலில் கண்டபோது என் கணக்கில்தான் பிழை என்று எண்ணித் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

இப்போது கசகசாவைக் கவனிப்போம். கசகசா என்பது அபின் செடியின் விதை. முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலே அபின். விதையில் போதை இல்லை. ஆயினும் அறுவடையின்போது அந்தப் பால் சிறிது விதையின் தோலில் ஒட்டிக்கொள்கிறது. அதிலுள்ள மார்ஃபின் உண்டவர் உடலுக்குள் சென்று சிறுநீரிலும் வருகிறது. மயக்கம் தரும் அளவுக்கு இல்லை. கருவிக்குத் தெரியும் அளவுக்கு உண்டு. சளி மாத்திரையின் தவற்றை இரண்டாம் கட்டக் கருவி திருத்திவிடும். கசகசாவில் அது முடியாது. ஏனெனில் அங்கே இருப்பது உண்மையான மார்ஃபின். கருவி 'மார்ஃபின்' என்கிறது, அது மெய். 'ஆகவே இவர் போதைக்காரர்' என்று மனிதன் சேர்த்துக்கொள்வதே பொய்.

அமெரிக்க அரசு 1988இல் வகுத்த நெறிமுறையில் அபின்வகைக்கு முதற்சோதனை எல்லை ஒரு மில்லி லிட்டருக்கு 300 நானோகிராம். நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. கசகசா தூவிய ரொட்டியைத் தின்றவர்கள் இந்த எல்லையைத் தாண்டிவிட்டார்கள். 1998இல் அதை 2000 நானோகிராமாக உயர்த்தினர். ஹெராயினிலிருந்து மட்டுமே உடலில் உண்டாகும் 6-அசெட்டைல் மார்ஃபின் என்ற பொருளையும் தேடத் தொடங்கினர். இவ்வளவுக்குப் பிறகும், 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் படைவீரர்களைக் கசகசா உண்ண வேண்டாமென்று எச்சரித்தது.

கஞ்சாவுக்கு இதற்கு நேர் எதிராக எல்லையைத் தாழ்த்தினார்கள். முதற்சோதனையில் 100 நானோகிராம் என்றிருந்தது 1994இல் 50 ஆயிற்று. முந்திய ஆண்டு 80 நானோகிராமோடு 'இல்லை' என்று தேறிய ஒருவர், அடுத்த ஆண்டு அதே 80 நானோகிராமோடு தோற்றிருப்பார். கோடு எங்கே இருக்கவேண்டும் என்பதைக் கருவி சொல்வதில்லை. ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்கிறது. "சோதனையில் பிடிபட்டான்" என்று யாரைப் பற்றியாவது கேள்விப்படும்போது எந்தக் கோட்டில் என்று கேட்க எனக்கு இப்போதெல்லாம் தோன்றுகிறது.

சோதனைச்சாலையும் மனிதர் நடத்துவதுதான். அமெரிக்காவில் இரயில் விபத்துகளின் இரத்த மாதிரிகளைச் சோதித்துவந்த அரசு ஆய்வகம் ஒன்றின் பொறுப்பாளர், செய்யாத சோதனைகளுக்கு முடிவு எழுதிக் கொடுத்ததாக 1987இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு வந்த நெறிமுறைகள் ஆய்வகங்களுக்குத் தகுதிச் சான்றைக் கட்டாயமாக்கியதில் வியப்பில்லை. அங்குள்ள போக்குவரத்துத் துறையில் மாதிரியை இரு குப்பிகளாகப் பிரித்து முத்திரையிடுகிறார்கள். முதல் குப்பி 'உண்டு' என்றால், 72 மணி நேரத்துக்குள் இரண்டாவதை வேறோர் ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. முடிவு நிர்வாகத்துக்குப் போகுமுன் ஒரு மருத்துவர் தொழிலாளியை அழைத்து, என்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்று விசாரிக்கிறார். இந்த விசாரணைதான் முழு ஏற்பாட்டிலும் மிக மலிவானது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே.

மாதிரி தருவதும் சாதாரண காரியமன்று. தண்ணீர் கலந்துவிடக் கூடாது என்பதற்காக, கொடுத்த நான்கு நிமிடங்களுக்குள் குப்பியின் வெப்பநிலையைப் பார்க்கிறார்கள். 32 முதல் 38 டிகிரி வரை இருக்கவேண்டும். கிரியேட்டினின் அளவையும் பார்க்கிறார்கள். நாற்பது வயதைக் கடந்த ஒருவர், பேரன் பேத்தி எடுத்தவர், கதவுக்கு வெளியே ஒருவர் காத்திருக்கக் குப்பியோடு நிற்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். இது தனிமனித உரிமையில் தலையிடுவது என்று அமெரிக்க இரயில்வே தொழிற்சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 1989இல் உச்சநீதிமன்றம், இரயில் விபத்துக்குப் பிறகு நடத்தும் சோதனை செல்லும் என்று 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதே நாளில் சுங்கத் துறை ஊழியர் சோதனை வழக்கிலும் தீர்ப்பு வந்தது. அது 5-க்கு 4 என்ற அளவில்தான் தப்பியது. முதல் வழக்கில் அரசின் பக்கம் நின்ற நீதிபதி ஸ்காலியா, இரண்டாவதில் மாறி நின்றார். இரயில்வேயில் போதையால் நேர்ந்த விபத்துகளுக்குச் சான்று இருந்தது, சுங்கத் துறையில் அப்படி ஒன்றும் காட்டப்படவில்லை என்பதே அவர் வாதத்தின் சாரம்.

கனடாவில் தீர்ப்பு வேறு விதமாயிற்று. நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில் ஒரு காகித ஆலை, ஆபத்தான பணியில் உள்ளோரைத் திடீர் திடீரென மூச்சுச் சோதனைக்கு அழைத்தது. பல்லாண்டுகளாக மதுவையே தொடாத ஒரு தொழிலாளியும் அழைக்கப்பட்டார். கருவி பூஜ்யம் காட்டியது. அவர் மகிழவில்லை, அவமானமாகக் கருதினார். சங்கம் வழக்காடியது. ஆலையில் 15 ஆண்டுகளில் மதுவோடு தொடர்புடைய நிகழ்ச்சிகளாகப் பதிவானவை எட்டுத்தான். ஆலை ஆபத்தானது என்பது மட்டும் போதாது, அங்கே குடிப்பழக்கம் ஒரு பிரச்சினையாக இருப்பதற்குச் சான்று வேண்டும் என்ற கருத்தை ஏற்று, 2013இல் கனடா உச்சநீதிமன்றம் தொழிலாளர் பக்கம் நின்றது. எனக்குக் கனடாத் தீர்ப்பே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. சேஸ் விபத்தில் மாண்டவரின் உறவினர் ஒருவர் என் எதிரில் அமர்ந்திருந்தால் இதே உறுதியோடு சொல்வேனா என்று கேட்டால், சற்றுத் தயங்குவேன்.

நம் நாட்டில் இரயில் ஓட்டுநர்கள் பணியேற்கும்போது மூச்சுக் கருவியில் ஊதிவிட்டே இஞ்சினுக்குச் செல்கிறார்கள். விமானிகளுக்கும் அவ்வாறே. 2022 ஜனவரி 31 முதல் விமானிகள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் முதலியோருக்குப் போதைப்பொருள் சோதனையும் வந்துள்ளது. அதில் முதற்கட்டத்தில் ஐயம் எழுந்தால் அதை 'உண்டு' என்று எழுதுவதில்லை. 'இல்லை எனக் கூற இயலாதது' என்ற பொருள்படக் குறித்து, இரண்டாம் கட்ட முடிவு வரும்வரை அவரைப் பணியிலிருந்து விலக்கி வைக்கிறார்கள். சொல் ஒன்றுதான் வேறுபடுகிறது. ஆனால் அந்தச் சில நாட்களில் ஒரு மனிதர் ஊரார் முன் எப்படி நடமாடுவார் என்பது அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

சேஸ் விபத்துக்கு மீண்டும் வருகிறேன். விசாரணைக் குழு ஓட்டுநரின் போதையையே முதற்காரணமாகக் கூறியது. அத்தோடு நிற்கவில்லை. அந்த இஞ்சினில் எச்சரிக்கை ஊதல் ஒலிக்காதபடி ஒட்டுப்பட்டையால் அடைக்கப்பட்டிருந்தது. சைகை விளக்குகளில் ஒரு பல்ப் இல்லை. ஓட்டுநர் நிறுத்தத் தவறினால் இரயிலைத் தானே நிறுத்தும் சாதனம் அந்தச் சரக்கு இஞ்சின்களில் பொருத்தப்படவில்லை. அப்பாதையில் ஓடும் எல்லா வண்டிகளுக்கும் அது கட்டாயமாக்கப்படவும் இல்லை. விபத்துக்குப் பின்னரே கட்டாயமாயிற்று. அந்தச் சாதனம் ஓட்டுநர் புகைத்தாரா, தூங்கினாரா, நெஞ்சுவலியால் சாய்ந்தாரா என்று கேட்காமல் வண்டியை நிறுத்தும்.

தூக்கம் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. 1997இல் டாசன், ரீட் என்ற ஆய்வாளர் இருவர் ஒரு முடிவை வெளியிட்டனர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறன், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் கைத்திறன் அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. நம் சட்டத்தின் எல்லை 30 என்று மேலே கண்டோம். தூக்கமின்மைக்குக் குப்பியும் இல்லை, ஊதும் குழலும் இல்லை.

என் தந்தை லாரி ஓட்டுநர். பீடிகூடப் பிடிக்காதவர். நெடுஞ்சாலையில் பலமுறை ஊதச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பூஜ்யம்தான். இரண்டு இரவு கண் விழித்து வந்த நாட்களிலும் பூஜ்யம்தான். கண் செருகும்போது வண்டியை ஓரங்கட்டி முகத்தில் தண்ணீரை அடித்துக்கொள்வதாகவும், சரக்கு இறக்கும் நேரம் குறித்திருந்தால் அதுவும் முடியாதென்றும் சொல்வார். இக்கட்டுரைக்காக அவரிடம் கேட்டேன். கடைசியாக எப்போது தூங்கினாய் என்று எந்தச் சாவடியிலும், எந்த முதலாளியும் இதுவரை கேட்டதில்லை என்றார்.